இரு ஊசி, ஒரு நூல்

நம் பாட்டிமார் கைப்பை கொண்டு திரிந்தவர்கள் அல்லர். பனங்குருத்தோலையில் இழைத்த சிறியதொரு கொட்டைப்பெட்டி அவர்கள் இடுப்பில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு யாவும் அதனுள் அடங்கின. சந்தைக்குப் புறப்பட்டால் கடகம் தலையில் ஏறிற்று. இன்றோ காலம் மாறிவிட்டது. பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியையும், பல்கலைக்கழகம் புகும் மாணவியும், வங்கிக்குச் செல்லும் இல்லத்தரசியும் பையின்றி வாசற்படி தாண்டுவதில்லை. இதில் குறைகூற ஒன்றுமில்லை. எப்பையை, எவ்வாறு, யார் கையால் ஆனதைக் கொள்கிறோம் என்பதே சிந்திக்கத் தக்கது.

என் தமக்கையின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். அண்மையில் ஒரு நாள் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினாள். “மாமா, இதைப் பாருங்கோ. பாரிஸ் பை மாதிரியே இருக்கு. பெயர்கூட அச்சாய்ப் பதிச்சிருக்கினம். விலையும் குறைவு” என்றாள்.

படத்தைப் பார்த்தேன். உலகப் புகழ்பெற்ற நிறுவனமொன்றின் பெயரைப் பொய்யாகத் தாங்கிய பை அது. தோலும் அன்று, தோலைப்போல் தோற்றமளிக்கும் செயற்கைத் துணி. “பிள்ளை, இதை வாங்குவதிலும் பார்க்க நாமே ஒன்று தைத்துப் பார்த்தால் என்ன?” என்று கேட்டுவிட்டேன். யோசியாமற் சொன்ன சொல்தான். ஆயினும் அவள் விடவில்லை. அந்தச் சொல் எங்களை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் முற்றத்தில் உட்கார வைத்தது. அதில் நான் கற்றவை பலவற்றை எந்த வகுப்பறையிலும் கற்றதில்லை.

பாரிஸ் பையின் பூர்வீகம்

பின்பற்றுவதாயின் மூலத்தை அறிந்தல்லவோ பின்பற்ற வேண்டும்? ஆகவே முதலில் வரலாற்றைத் தேடினோம். எர்மெஸ் என்னும் நிறுவனத்தை 1837ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கியவர் தியெரி எர்மெஸ். அவர் பை தைத்தவர் அல்லர். குதிரைகளுக்குக் கடிவாள வாரும் வண்டிப் பூட்டுவாரும் செய்தவர். அவர் வழிவந்தோர் குதிரைச் சேணமும் தைத்தனர். மோட்டார் வண்டி வந்து குதிரை வண்டி ஒழிந்த காலத்தில், சேணம் தைத்த அதே கைகள் பைகளின் பக்கம் திரும்பின.

1956ஆம் ஆண்டு மொனாக்கோ நாட்டு அரசியாராகிய கிரேஸ் கெல்லி என்னும் முன்னாள் நடிகை, தாம் கருவுற்றிருந்ததைப் படப்பிடிப்பாளர் கண்களிலிருந்து மறைக்கத் தம் தோற்பையை வயிற்றின் முன் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் உலகெங்கும் பரவிற்று. 1977இல் அப்பைக்குக் கெல்லி என்ற பெயரையே நிறுவனம் முறையாகச் சூட்டியது.

அதனினும் புகழ்பெற்ற மற்றொரு பை 1984இல் பிறந்தது. ஜேன் பர்கின் என்ற நடிகை பாரிசிலிருந்து லண்டனுக்கு விமானத்திற் சென்றபோது, அவர் பொருள்கள் கொட்டுண்டு சிதறின. அருகில் இருந்தவர் எர்மெஸ் நிறுவனத் தலைவர் ஜான் லூயி டூமா. குழந்தையுடைய தாய்க்கு ஏற்ற பெரிய பை எங்கும் கிடைப்பதில்லை என்று அவர் குறைபட, இருவரும் பேசியபடியே ஒரு பையின் உருவத்தை வரைந்தனர். அவர் பெயரால் வழங்கும் அவ்வகைப் பைகளுள் முதலாவது, 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிசில் ஏலத்துக்கு வந்து 86 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று.

இக்கதையைக் கேட்டுக்கொண்டிருந்த என் அன்னையார் ஒரு கேள்வி கேட்டார். “அதுக்கு முதல் அந்தப் பிள்ளை எதிலே சாமான் கொண்டு திரிந்தவள்?”

விடையைச் சொன்னபோது நாங்களே சிரித்துவிட்டோம். அந்த நடிகை எங்கும் கொண்டு திரிந்தது ஒரு பின்னற் கூடை! நம்மவர் கடகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லத் தக்க பொருள். அக்கூடையில் அடங்காத பொருள்களுக்காகவே உலகின் விலையுயர்ந்த பை தோன்றிற்று.

அப்பைகளின் விலையில் பெரும்பகுதி பெயருக்கும் அருமைக்கும் உரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெயருக்கு அடியில் ஓர் உண்மையும் உண்டு. குதிரையின் வார் நடுவழியில் அறுந்தால் ஏறிச்செல்பவன் உயிருக்கே மோசம். ஆகையால் ஓரிழை அறுந்தாலும் மற்றோரிழை தாங்கும் தையலொன்றைச் சேணம் தைப்போர் கைக்கொண்டனர். இரண்டு ஊசி, ஒரே நூல். அதுவே சேணத் தையல். இன்றும் அந்நிறுவனத்தில் ஒரு பையை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் இறுதிவரை செய்கிறார். முக்கியமான தையல்கள் இம்முறையில் கையாலேயே நடைபெறுகின்றன.

குடை நிழலில் ஓர் ஆசிரியர்

இத்தையலைக் கற்றுத் தருவார் யார்? அப்போதுதான் என் தந்தையாரின் பழைய தோற்பை நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்த காலத்திலும் எங்களோடு வந்த பை அது. அதன் ஓரம் ஒருமுறை பிரிந்தபோது, மன்னார்ப் பட்டினத்தில் வீதியோரம் குடை விரித்துச் சப்பாத்துத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துத் தைப்பித்தோம். அவர் தைத்த இடம் இன்றுவரை பிரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவரிடமே சென்றோம்.

அவர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், இது மெஷின் தையல், இந்த மூலை மட்டும் என் கைத்தையல்” என்று உடனே சொன்னார். பின் மருமகளிடம் வேறுபாட்டை விளக்கினார். தையல் இயந்திரத்தில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. இரண்டும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொளுவிப் பிடிக்கின்றன. ஒரு நூல் தேய்ந்து அறுந்தால் கொளுக்கி விட்டுப்போகிறது. இழுக்க இழுக்கத் தையல் ஓடிவிடுகிறது. கைத்தையலிலோ ஒரு நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக நுழைத்து இழுக்கிறார்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் அத்துளைகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

“ஐயா, எனக்கும் பழக்குவீங்களோ?” என்று அவள் கேட்டாள். பெரியவர் என்னைப் பார்த்தார். அப்பார்வையின் பொருள் எனக்கு விளங்காமலில்லை. கல்லூரி ஆசிரியர் வீட்டுப் பிள்ளை வீதியோரத்தில் அமர்ந்து தோல் தைப்பதா என்பதே அதன் பொருள். நான் தலையசைத்தேன். ஒரு மரப்பெட்டியைத் துடைத்து அவளுக்கு இருக்கையாக இட்டார்.

வாசகர்களுக்கு ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் அக்குடையைக் கடந்தே கல்லூரிக்குப் போய் வந்தேன். அவரிடம் சப்பாத்துக் கொடுத்திருக்கிறேன், காசு கொடுத்திருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டதில்லை.

தோலும் தூய்மையும்

வீட்டில் வேறொரு தடை காத்திருந்தது. தோலை விரித்ததும் என் அன்னையார், “சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ளே இதைப் பரப்பலாமோ?” என்றார். அவர் மனத்தை எண்ணியே ஆட்டுத்தோல் வாங்கியிருந்தேன். அதுவும் அவருக்குச் சம்மதமாகவில்லை.

“அம்மம்மா, கோயிலிலே மிருதங்கம் வாசிக்கினமே, அது தோல்தானே?” என்றாள் பேத்தி.

அது மெய்யே. மிருதங்கத்தின் இரு முகங்களிலும் வார்களிலும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் பயன்படுகின்றது. அதன் நாதம் இறைவன் சந்நிதியில் ஒலிக்கிறது. வாசிப்பவரைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம். தோலைப் பதமிட்டவரையும் வார் பிடித்தவரையுமோ நெடுங்காலம் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். இந்திய அரசியலமைப்பு 1950இல் தீண்டாமையை ஒழித்தது. இலங்கையில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக மக்கள் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. சட்டம் வாசலைத் திறக்கலாம்; மனத்தைத் திறப்பது நம் கடமை.

அன்னையார் விவாதத்துக்கு வரவில்லை. “அப்ப முற்றத்திலே வைத்துத் தையுங்கோ” என்று மட்டும் சொன்னார். வேப்பமர நிழலிற் பாய் விரித்தோம்.

தோலுக்கும் நம் நிலத்துக்கும் உள்ள தொடர்பொன்றை இங்கே சொல்லுதல் பொருந்தும். வரண்ட நிலங்களிற் பொன்னிறமாகப் பூத்துக் குலுங்கும் ஆவாரை, நம்மவர் ஆவரசு என்று வழங்கும் செடி, தோல் பதமிடுவோருக்குப் பெரும் செல்வமாக இருந்தது. அதன் பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு சேர்ந்து அதனை அழுகாமற் காக்கிறது. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையாற் பதமிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு கப்பலேறி ஐரோப்பா சென்றது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் இன்றும் தோற்றொழிலுக்குப் பெயர்பெற்றவை. சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

பட்டையில் ஊறவைத்துப் பதமிட வாரக்கணக்கிற் செல்லும். குரோமிய உப்பைக் கொண்டு பதமிட்டால் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். சென்னைக் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். வேகம் வந்தது, கூடவே கேடும் வந்தது. தோற்கூடங்களின் கழிவு பாலாற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் கெடுத்தது. அதன்பொருட்டு மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆகவே தோல் வாங்குவோர் எப்பதத்தில் ஆனது என்று கேட்டு வாங்குதல் நன்று. நாங்கள் பட்டைப்பதத் தோலையே தேடிக் கொழும்பிலிருந்து தருவித்தோம். கையால் தைப்பதற்கும், ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றுவதற்கும் அதுவே உகந்தது.

நாங்கள் தைத்த முறை

முயன்று பார்க்க விரும்பும் மாணவியருக்காக எங்கள் அளவுகளைத் தருகிறேன். பையின் முன்புறமும் பின்புறமும் 30 சென்ரிமீற்றர் அகலம், 24 சென்ரிமீற்றர் உயரம். இரண்டையும் இணைக்கும் பக்கப்பட்டி 8 சென்ரிமீற்றர் அகலம். இருபக்கமும் அடியும் சுற்றிவர அதன் நீளம் 24, 30, 24 ஆக 78 சென்ரிமீற்றர். மேல்மூடி ஒன்று. 45 சென்ரிமீற்றர் நீளமுள்ள கைபிடிகள் இரண்டு. எல்லாவற்றுக்கும் சேதாரம் உட்பட நான்கு சதுர அடித் தோல் போதும். பக்கப்பட்டியின் நீளத்தை உத்தேசித்து இரண்டு தோலாக வாங்கினோம். ஆட்டுத்தோல் மெல்லியதாகையால் உள்ளே தடித்த பருத்தித் துணி வைத்தோம்.

முதலிற் பழைய நாட்காட்டி அட்டையில் உருவங்களை வெட்டி, ஒட்டி, பொம்மைப் பை ஒன்று செய்து பார்க்க வேண்டும். துணியில் தவறாகக் குத்திய ஊசித்துளை மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை என்றும் மறையாது. ஆகவே அட்டையிற் பிழைவிடுதல் இலாபம். பின்னர் அட்டையைத் தோலின் மேல் வைத்துக் கோடிட்டு, கூரிய கத்தியால் அடிமட்டத்தின் ஓரமாக ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும்.

துளைகள் ஒரே இடைவெளியில் இருத்தல் வேண்டும். இதற்கென உள்ள பற்கருவி எங்களிடம் இல்லை. பெரியவர் சொன்ன உபாயம், வீட்டு முள்ளுக்கரண்டி! அதன் முனைகளை ஓரத்திலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே அழுத்தி அடையாளம் இட்டு, அதன்மேற் குத்தூசியால் துளைத்தோம். துளைக்குத் துளை 5 மில்லிமீற்றர் என்றால் ஒரு பக்கத் தையலுக்கே ஏறக்குறைய 150 துளைகள். இரு பக்கமும் 300. முதல் ஞாயிறு முழுவதும் துளையிடுவதிலேயே கழிந்தது. ஓரங்கள் நழுவாதிருக்க, கொடியில் உடுப்புக் கவ்வும் கவ்விகளைப் பயன்படுத்தினோம்.

நூல், தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு வேண்டும். எங்கள் தையலுக்கு மூன்று மீற்றருக்கு மேல் ஆகும். அவ்வளவு நீள நூல் சிக்கு விழும் ஆகையால் இரு பகுதியாகத் தைத்தோம். லினன் நூலைத் தேன்மெழுகில் இருமுறை இழுத்துக்கொண்டால் பிசிறு படியும். துளைக்குள் நூல் வழுக்காமல் இறுகும். நுனி மழுங்கிய ஊசிகளே நல்லவை. முதல் ஊசி சென்ற துளையில் இரண்டாவது ஊசியைச் செலுத்தும்போது முன்சென்ற நூலைக் குத்திவிடலாகாது. எந்த ஊசி முன், எந்த ஊசி பின் என்ற ஒழுங்கை முதல் துளையிலிருந்து இறுதித் துளைவரை மாற்றக்கூடாது. மாற்றினால் தையல் கோணிவிடும். முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டிவிட வேண்டும். முடிச்சே தேவையில்லை.

இரண்டாம் ஞாயிறு அவள் தைத்த வரி சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் தளர்ந்தும் இருந்தது. காரணம் எனக்குப் புலப்படவில்லை. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அன்னையார் மெல்ல எழுந்து வந்தார். “இரண்டு கையும் ஒரே இழுப்பாய் இழுக்கவேணும், பிள்ளை. பெட்டி இழைக்கிறதும் இப்படித்தான். ஒரு கை கோபிச்சால் பெட்டி கோணும்” என்றார். தோலைத் தொடவில்லை, ஆனால் அன்று மாலைவரை அருகிலேயே அமர்ந்திருந்தார்.

தைத்து முடிந்தபின் ஓரங்களை மணற்கடதாசியால் தேய்த்து, சிறிது நீர் தொட்டு, மெழுகு பூசி, தடித்த துணியால் அழுத்தித் தேய்த்தால் ஓரம் கண்ணாடிபோல் மினுங்கும். கடற்காற்று வீசும் நம் ஊரில் இரும்புக் கொளுக்கி விரைவிற் துருப்பிடிக்கும். ஆதலால் பித்தளையே ஏற்றது. நனைந்த பையைக் கடும் வெயிலில் உலர்த்தலாகாது; தோல் வெடிக்கும். பிளாஸ்டிக் உறையுள் மூடியும் வைக்கலாகாது, பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையிற் காற்றோட்டமாக வைத்தல் வேண்டும்.

யார் பெயரைப் பொறிப்பது?

பை முடியும் தறுவாயில் மருமகள் மீண்டும் பழைய ஆசைக்குத் திரும்பினாள். “மாமா, அந்தப் பாரிஸ் பெயரையும் இதிலே பதிச்சால் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.”

“கணக்கை எப்படிச் செய்வதென்று கெட்டிக்கார மாணவியிடம் கற்றுக்கொள்ளலாம். விடைத்தாளில் உன் பெயருக்குப் பதிலாக அவள் பெயரை எழுதலாமா?” என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு விடையொன்றும் கூறவில்லை.

பிறர் செய்த அழகிய பொருளைக் கண்டு அதுபோற் செய்து பார்த்தல் எக்காலத்தும் கைவினைஞர் கற்ற வழி. பிறர் பெயரைப் பொறித்து ஏய்த்தல் வேறு. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பிறர் வணிகக் குறிகளுக்குக் காப்பளிக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஐந்து வாரம் தானே பாடுபட்டுத் தைத்த பொருளில் வேறொருவர் பெயரை எழுதுவது தன் உழைப்பைத் தானே மறுப்பதாகாதா?

இதில் நம் பகுதிப் பெண்மணிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. 1978இல் பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டது. போர் ஓய்ந்த பின் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு ஓலைப்பின்னல் கைகொடுக்கிறது. ஆனால் வாங்குவோர் ஓலைப் பெட்டிக்கு இரண்டு தரம் பேரம் பேசுகிறார்கள். பாரிஸ் பெயர் பொறித்த போலிக்குப் பேசாமற் காசு கொடுக்கிறார்கள். பின்னல் ஓலை முகமும், சேணத் தையலிட்ட தோல் ஓரமும் சேர்ந்த பை ஒன்று நம்மூர்ப் பெயரோடே வெளிவந்தால் அழகிலும் உழைப்பிலும் எதற்குக் குறைவு? கூடையிலிருந்து பிறந்த பை மீண்டும் கூடையோடு சேரட்டுமே!

ஐந்தாம் ஞாயிறு மாலை எங்கள் பை முடிந்தது. அடிமூலை ஒன்றில் தையல் சற்றுக் கோணியிருக்கிறது. மூடியும் ஓர் அங்குலம் விலகி நிற்கிறது. மறுநாள் அதைக் குடை நிழலுக்கு எடுத்துச் சென்றோம். பெரியவர் இரு கையாலும் தையலைப் பிடித்து வலுவாக இழுத்துப் பார்த்தார். கோணிய மூலையை விரலாற் தடவினார். “அழகு பிறகு வரும், பிள்ளை. இது பிரியாது” என்றார்.

கற்பித்த கூலியென்று நாங்கள் நீட்டிய பணத்தை முதலில் மறுத்தார். “ஐயா, ரியூசனுக்குக் காசு குடுக்கிறம்தானே? இதுவும் பாடம்தானே?” என்று அவள் சொன்னபின்னரே வாங்கிக்கொண்டார். அன்றுதான் நான் அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். பத்திரிகையில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ஆகவே இங்கே எழுதவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு காலையும் அக்குடையைக் கடக்கும்போது, பெயர் சொல்லி வணக்கம் கூறிச் செல்கிறேன்.